எரியாத வீட்டில் குடியிருந்தவர்கள்

நாங்கள் குடியிருந்த வீடு எரியவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலவரத்தில் வீடிழந்தவர்களோடு என்னையும் சேர்த்து யாராவது பேசினால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சுவரும் ஓடும் ஜன்னல் கண்ணாடியும் அப்படியே நின்றன. எரிந்தவை உள்ளே இருந்த எங்கள் சாமான்கள். அவையும் ரோட்டில் வைத்துத்தான் எரிக்கப்பட்டன.

வீடு கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வழியில் இருந்தது. வீட்டின் சொந்தக்காரர், கணவரை இழந்த ஒரு சிங்கள அம்மா, முன்பக்கத்தில் இருந்தார். பின்பக்கம் மூன்று அறைகள். இரண்டில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரும் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த அவருடைய கணவரும். பெரிய ஜன்னல் வைத்த மூன்றாவது அறை என்னுடையது.

நான் கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவள். லயத்தில் கதவும் தோட்டத்துடையது, கதவின் கொண்டியும் தோட்டத்துடையது. அப்பா கைநாட்டு வைப்பவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து, டவுன் கம்பெனி ஒன்றில் கிளார்க் வேலைக்கு வந்த முதல் ஆள் நான்தான். சம்பளத்தில் ஓர் அலுமாரி வாங்கினேன், பிறகு ரேடியோ, மேசை, ஒரு வரிசைப் புத்தகங்கள். அலுமாரிக்குள் நல்ல சேலை இரண்டுதான் இருந்தது. ஆனாலும் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் வேலைக்குப் போவேன்.

எங்கள் ஆபீசில் என்னோடு வேலை செய்த முஸ்லிம் அண்ணன் ஒருவர் பகுதிநேரமாக இன்சூரன்ஸ் பிடித்துக் கொடுப்பார். ஒரு நாள் என்னிடம் கேட்டார்.

"தங்கச்சி, ஒங்கட வீட்டுக்காரம்மா இன்சூரன்ஸ் போட்டிருப்பாங்க. அது அவங்கட செவருக்கும் ஓட்டுக்கும். ஒங்கட அலுமாரிக்கு யாரு பொறுப்பு?"

அப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. கலவரத்துக்கென்று தனியாகக் கொஞ்சம் கட்ட வேண்டும் என்றும் அவர்தான் வற்புறுத்தினார். "வெறும் நெருப்புக்கு மட்டும் போட்டா, கும்பல் வெச்ச நெருப்புக்குத் தர மாட்டாங்க." என் அறைக்கு வந்து சாமான்களைப் பார்த்தார். பத்திரத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் சொத்து என்று அச்சடித்திருந்தது. எங்கள் வம்சத்தில் யாருடைய பெயருக்குப் பக்கத்திலும் அந்தச் சொல் வந்ததில்லை. கையெழுத்தை வழக்கத்தைவிடப் பெரிதாகப் போட்டேன். புறப்படும்போது அவர், "பக்கத்து ஆக்கள்கிட்டயும் சொல்லுங்க" என்றார். சரி என்றேன்.

அவர் போனதும் அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, பொம்பிளை பார்க்கவோ ஆள் வந்தது?"

"இன்சூரன்ஸ்ங்க அக்கா. சாமானுக்கு."

"வாடகைக்கு இருக்கிற எங்களுக்கு என்ன இன்சூரன்ஸ்? ஒண்டு நடந்தால் வீட்டுக்காரி பார்ப்பா." உள்ளே திரும்பி, "இஞ்சை கேட்டியளே, தோட்டத்துப் பிள்ளை சொத்துக்காரியாயிட்டா!" என்று கணவரிடம் சொல்லிச் சிரித்தார்.

நானும் சிரித்துவிட்டு உள்ளே போனேன்.

அக்காவிடம் கையால் சுற்றும் தையல் மெஷின் ஒன்று இருந்தது. கலியாணத்தின்போது யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்தது. பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர்மாருக்கு அதில் ரவிக்கை தைப்பார். கணவரின் சம்பளம் வாடகைக்கும் ஊருக்கு அனுப்பவும் போய்விடும். சமையல் செலவு மெஷினால்தான் ஓடியது. அவருடைய அறைகளில் வெளிச்சம் போதாது. அதனால் மெஷின் என் ஜன்னலுக்குக் கீழேயே இருந்தது. நான் வேலைக்குப் போனதும் அவர் வந்து தைப்பார்.

தமிழர்களைத் தேடித் தேடி அடித்த அந்தக் கலவரம் கண்டிக்கு வந்த அன்று, வீட்டுக்கார அம்மா எங்கள் மூவரையும் தன் சமையலறைக்குப் பின்னாலிருந்த சாமான் அறையில் வைத்துப் பூட்டினார். வாசல் படலையடியில் சத்தம் கேட்டது. அந்த அம்மா "கெதர மகே, கெதர மகே" என்று கத்தினார். வீடு என்னுடையது, வீடு என்னுடையது. யாரோ ஒருவன், அப்படியென்றால் அவர்களுடையதை வெளியே எடுங்கள் என்றான். பிறகு பின்பக்கக் கதவு உடைந்தது. எதையெதையோ இழுத்துப் போனார்கள். தரையைக் கீறிக்கொண்டு பாரமான ஒன்று போனபோது அக்கா இருட்டில், "மெஷின்" என்றார்.

பள்ளிக்கூடம் ஒன்றில் அமைக்கப்பட்டிருந்த அகதி முகாமுக்கு நாங்கள் போனோம். ஊரடங்கு தளர்ந்த பிறகு, இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நட்டத்தை மதிப்பிடுகிறவர் வீட்டுக்கு வருவதாக ஆபீஸ் அண்ணன் மூலம் சொல்லி அனுப்பினார். அக்காவும் என்னோடு வந்தார். ரோட்டோரத்தில் மழையில் நனைந்த சாம்பல் மேடாகக் கிடந்தது. அதில் அடையாளம் தெரிந்தவை இரண்டுதான்: என் அலுமாரியின் பூட்டு, அக்காவின் மெஷின். மரப்பெட்டி போய் இரும்பு மட்டும் கறுத்து நின்றது.

வந்தவரும் ஒரு முஸ்லிம் பெரியவர்தான். குடைக் காம்பால் மெஷினைத் தொட்டுக் காட்டினார்.

"இது எந்த ரூம்ல இருந்திச்சி?"

"என் ரூம்லதாங்க."

"அப்ப ஒங்கட சாமான்தானே?" பேனா தாளுக்கு மேலே நின்றது.

அக்கா என் பின்னால் நின்றிருந்தார். என் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "ஓம் எண்டு சொல்லும், பிள்ளை" என்றார்.

"இல்ல சார். அது இந்த அக்காவோடது."

அவர் பேனாவை இறக்கினார். "ஒங்களுக்கு பாலிசி இரிக்கா?" என்று அக்காவிடம் கேட்டார். அக்கா இல்லையென்று தலையசைத்தார். பெரியவர் அடுத்து அலுமாரிப் பூட்டைப் பார்க்கப் போனார்.

முகாமுக்குத் திரும்பும் வழியில் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். ஒரு பொய் பிடிபட்டால் முழுக் கோரிக்கையும் போகும். அதைவிட, தோட்டத்தில் தேயிலைச் செடி வெட்டும் ஒரு கவ்வாத்துக் கத்தி காணாமல் போனால் எங்கள் லயத்தைத்தான் முதலில் சோதிப்பார்கள். அந்த லயத்திலிருந்து படித்து வந்தவள் ஒரு தாளில் பொய் எழுத வைக்கலாமா?

அக்காவும் கணவரும் வடக்குக்குப் போகும் பஸ்ஸில் ஏறிய அன்று, இதையெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று ஜன்னலோரம் போய் நின்றேன்.

"அக்கா, அன்னைக்கு நான் ஆமான்னு சொல்லியிருந்தா..."

"அதை விடும். நீர் சொன்னது சரி. நான் கேட்டதுதான் பிழை." பிறகு சொன்னார்: "உமக்கு இன்சூரன்ஸ் எழுத அந்த மனுசன் வந்த அண்டைக்கு எங்கட கதவையும் ஒருக்கால் தட்டச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை?"

"நீங்க சிரிச்சீங்க அக்கா."

"நான் எல்லாத்துக்கும்தானே சிரிக்கிறனான். வீட்டுக்காரி பார்ப்பா எண்டு சொன்னன். அது பிழையெண்டு உமக்குத் தெரியும்."

தெரியும். ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். வாத்தியார் மகளான அக்காவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நான் கொண்டுபோன நியாயங்களில் ஒன்றுகூட இதற்கு உதவவில்லை. பஸ் புறப்படும் வரை நின்றேன். அக்கா கையசைத்தார். அவர் கணவர் என்னைப் பார்க்கவில்லை.

எனக்குரிய பணம் பல மாதம் கழித்து வந்தது. அதற்குள் வடக்குக்கும் எங்களுக்கும் நடுவில் யுத்தம் வந்துவிட்டது. அக்கா எங்கே இருக்கிறார் என்று விசாரித்து விசாரித்து விட்டுவிட்டேன்.

இப்போது கம்பளைக்குப் போகும் ரோட்டில் வேறு வாடகை அறை. பக்கத்து அறையில் ஒரு கடைக் கணக்குப்பிள்ளையின் மனைவி. நான் பெட்டியை அவிழ்க்கும் முன்பே அவர் கதவைத் தட்டினேன். வீட்டுக்காரரின் இன்சூரன்ஸ் நம் சாமான்களுக்குச் சேராது, நாம்தான் போட வேண்டும், ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக, கலவரத்துக்கும் சேர்த்து என்றேன்.

"என்னாங்க, கமிசன் ஏதும் கெடைக்குதா ஒங்களுக்கு?" என்று கேட்டுச் சிரித்தார்.

நேற்றும் சிரித்தார். போடுவாரோ தெரியாது. போட்டாலும் அதனால் அந்த அக்காவுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆபீஸ் அண்ணனை இன்று மாலை நேரே பக்கத்து அறை வாசலுக்கே கூட்டிப் போகிறேன்.