தூணுக்குப் பின்னால் சூசையம்மாள்

“சூசையம்மாள். வயது முப்பத்தேழு. சொந்த ஊர் பூம்பாறை. மண்டபம் பெருக்கும் பணி. அடக்கமானவர். அதிகம் பேசாதவர். எந்தப் பொருளையும் எடுத்த இடத்திலேயே வைப்பவர்.”

கோடைக்கானலில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலை ஒட்டியிருந்த மண்டபத்தின் பணியாளர் பதிவேட்டில், 1953-ஆம் ஆண்டுப் பக்கத்தில் இப்படி இருக்கிறது. எழுதியவர் மண்டபக் கமிட்டிச் செயலாளர் பரமானந்தம் வாத்தியார். அவர் எழுதிய அன்று சூசையம்மாளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. மறுநாள் தொண்டை சரியானதும் வாத்தியாருக்கு உண்மை தெரிந்துவிட்டது. ஆனால் பதிவேட்டில் அடித்துத் திருத்தக் கூடாது என்று விதி போட்டவரும் அவரே. அதனால் சூசையம்மாள் எங்கள் பங்கில் எழுத்துப்படி ஊமையாகவும், காதுபடி வேறு மாதிரியாகவும் வாழ்ந்துவந்தார்.

மண்டபத்தில் ஆண்களுக்கு இடப்பக்கம், பெண்களுக்கு வலப்பக்கம். கோயிலில் எப்படியோ அப்படி. பெண்கள் பக்கத்தில் ஒரு கல்தூண் நின்றது. ஒரு காலத்தில் அது இரண்டு அறையாக இருந்த கட்டடம். நடுச்சுவரை இடித்தவர்கள் கூரைக்குப் பயந்து ஒரு தூணை விட்டுவைத்தார்கள். தூண் எந்தப் பக்கம் வரும் என்று பார்த்த பிறகுதான் ஆண்கள் எந்தப் பக்கம் உட்காருவது என்று தீர்மானித்தார்கள் என்பது சூசையம்மாளின் ஆராய்ச்சி. மறுக்க ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

அவர் நினைத்தாலும் நகர்ந்து உட்கார முடியாது. குளிருக்காக வைக்கும் கணப்புச் சட்டி, புகை வெளியேற வேண்டுமென்று வலது ஓரக் கதவருகே இருக்கும். அதைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. கதவருகே இருந்து மேடையைப் பார்த்தால் குறுக்கே தூண். ஆறு கிறிஸ்துமஸ் நாடகங்கள் பார்த்தும் அவரைப் பொறுத்தவரை கீழ்த்திசையிலிருந்து வந்த மூன்று ராஜாக்களும் இரண்டு பேர்தான். ஏரோது மன்னனாக நடித்த பரமானந்தம் வாத்தியார் ஒருமுறை எப்படி இருந்தது என்று கேட்டபோது, “ஒங்க இடது கை ரொம்ப நல்லா நடிச்சுச்சுங்க சார். மத்ததைத் தூண் பாத்துச்சு,” என்றார்.

1959-இல் மண்டபத்துக்குப் படம் காட்டும் புரொஜெக்டர் வாங்குவது என்று கமிட்டி முடிவு செய்தது. மதுரையிலிருந்து ஏஜெண்டு சேனாதிபதி இரண்டு மிஷின்களைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒன்று சிறியது, சத்தமில்லாதது. மற்றொன்று பெரியது, ஓடும்போது மாவு மில் மாதிரி உறுமும்.

கமிட்டியின் இன்னொரு தூண், அதாவது மனிதத் தூண், உருளைக்கிழங்கு வியாபாரி லூர்துசாமி. எதையும் தூக்கிப் பார்த்தே மதிப்புப் போடுகிறவர். இரண்டு மிஷினையும் மூட்டையைப்போலத் தூக்கிப் பார்த்தார்.

“இதுல கனம் இருக்கு. இதான் நல்ல சரக்கு.”

“கனத்தை வச்சா வாங்குறது?” என்றார் வாத்தியார். “எது கூட வர்ற இங்கிலீஷ் புத்தகம் தடிமனா இருக்கு?”

“அதுவும் பெருசுக்குத்தாங்க,” என்றார் சேனாதிபதி.

வேறு வேறு காரணங்களுக்காக இருவரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். கமிட்டி வரலாற்றில் அது முதல் தடவை. ஆனால் தடிமன் பெரிதா கனம் பெரிதா என்ற விவாதம் ஓயவில்லை. அது நடந்துகொண்டிருக்கும்போது, ஓரமாகப் பெருக்கிக்கொண்டிருந்த சூசையம்மாள் ஏஜெண்டிடம் வந்தார்.

“ஏன் தம்பி, இதை எம்புட்டுத் தொலவுல வச்சா படம் சீலைக்குள்ள அடங்கும்?”

சேனாதிபதி நிமிர்ந்து பார்த்தார். இரண்டு மணி நேரத்தில் அவரிடம் கேட்கப்பட்ட முதல் உருப்படியான கேள்வி அது.

“இந்த ஆறடித் திரைக்கு முப்பத்திரண்டு அடிங்க அக்கா. கூடப் போனா படம் சுவத்துல வழியும், கொறைஞ்சா சுருங்கும்.”

“பக்கவாட்டுல தள்ளுனா?”

“மிஷினை மட்டும் தள்ளுனா படம் கோணிக்கிரும். திரையையும் மிஷினையும் ஒரே அளவுக்குத் தள்ளுனா ஒண்ணும் ஆகாது. ரெண்டும் நேருக்கு நேர் பாத்துக்கிட்டு இருக்கணும், அம்புட்டுத்தான்.”

“புருசன் பொண்டாட்டி மாதிரியா?”

“அவங்களை விட நேராங்க அக்கா.”

அடுத்து, எங்கே வைப்பது. நடுவில் வைக்கலாம் என்றார் சேனாதிபதி. நடுவழி பங்குச் சாமியார் நடந்து வரும் வழி என்று வாத்தியார் மறுத்தார். மிஷின் என்றால் ஆண்கள் பக்கம் இருப்பதுதான் முறை என்றார் லூர்துசாமி. அப்படியே தீர்மானமாயிற்று: ஆண்கள் பக்கம் பின்னால் மிஷின், அதற்கு நேராக மேடையின் இடது மூலையில் திரை.

சூசையம்மாள் கணப்புச் சட்டி வைக்கும் இடத்தில் போய் நின்று பார்த்தார். இதுவரை மேடையில் பாதியாவது தெரிந்தது. இப்போது திரை முழுவதும் தூணுக்குள் போய்விட்டது.

“இங்கேருந்து ஒண்ணும் தெரியலைங்களே சார்.”

“படத்துல பேசுறது எல்லாருக்கும் கேக்கும், சூசையம்மா,” என்றார் வாத்தியார்.

“கேக்குறதுக்கு எங்க வீட்டுலயே ஆள் இருக்குங்க. பாக்கத்தான் வர்றோம்.”

“ஏ தங்கச்சி, ஒரு ஓரமா எட்டிப் பாத்துக்க,” என்றார் லூர்துசாமி.

“எட்டிப் பாத்தா சட்டியில சீலை பத்திக்கிரும். அப்புறம் எல்லாரும் என்னையத்தான் பாப்பாங்க. பரவால்லையாண்ணே?”

கமிட்டி இதைக் குறிப்பில் ஏற்றவில்லை.

சேனாதிபதி நாடாவால் அளந்து, மிஷின் நிற்க வேண்டிய இடத்தில் சாக்பீஸால் ஒரு சிலுவைக் குறியும், திரைக்காக மேடையில் ஒரு கோடும் போட்டார். “ஒரு அடி தள்ளுனாக்கூடப் படம் கெட்டுப்போகும்,” என்று எச்சரித்துவிட்டு மலையிறங்கினார். கமிட்டி அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டது. உடனே ஒரு அட்டையில் அறிவிப்பு எழுதித் தொங்கவிட்டார்கள்: “குறி உள்ள இடத்திலேயே இயந்திரம் வைக்கப்படும். எக்காரணம் கொண்டும் மாற்றலாகாது.” கீழே வாத்தியாரும் லூர்துசாமியும் கையெழுத்திட்டார்கள்.

சனிக்கிழமை சூசையம்மாள் வழக்கம்போல மண்டபத்தைக் கழுவிவிட்டார்.

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குப் படம். வெளியே பஞ்சுமூட்டையாக மஞ்சு இறங்கியிருந்தது. ஜன்னல்களைக் கம்பளியால் மூடி மண்டபத்தை இருட்டாக்கினார்கள். மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்த லூர்துசாமி குறியைத் தேடினார். அது பெண்கள் பக்கத்தில் இருந்தது.

“என்னய்யா இது? அந்தப் பக்கமுல்ல கெடந்துச்சு?”

வாத்தியார் திரைக்கான கோட்டைப் பார்த்தார். அதுவும் மேடையின் வலது மூலையில் இருந்தது. “சூசையம்மா! குறியை அழிச்சியா?”

“அழிச்சிருந்தா இருக்குமாங்க சார்? நல்லாப் பாருங்க, பளிச்சுன்னு கெடக்கு.”

லூர்துசாமி மீசையைத் தடவினார். பெண்கள் பேச்சுக்கு இளகி, ஏஜெண்டிடம் ரகசியமாகச் சொல்லி இடத்தை மாற்றியது வாத்தியார்தான் என்று அவருக்குத் தோன்றியது. லூர்துசாமிதான் தன் மனைவி தெரசம்மாளுக்குப் பயந்து மாற்றியிருக்கிறார் என்று வாத்தியாருக்குத் தோன்றியது. தனக்குத் தெரியாமல் நடந்தது என்று ஒத்துக்கொள்ள இருவருக்கும் மனமில்லை.

“எடுத்து அந்தப் பக்கம் வச்சுருவோமா?” என்று லூர்துசாமி மெல்லக் கேட்டார்.

வாத்தியார் சுவரில் தொங்கிய அறிவிப்பைக் காட்டினார். இரண்டு கையெழுத்தும் தெளிவாக இருந்தன.

மிஷின் குறி மேல் நின்றது. திரை கோட்டின் மேல் நின்றது. வெளிச்சம் தூணுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தடையுமில்லாமல் ஓடி, திரைக்குள் கச்சிதமாக அடங்கியது. கம்பளி போர்த்திய பெண்கள் வாயைப் பிளந்தார்கள். நடுவழி ஓரமாக, பெருமைக்காகவே போடப்பட்டிருந்த கமிட்டி நாற்காலிகளுக்கு முன்னால் மட்டும் தூண் வந்து நின்றது. வேண்டுமானால் பெண்கள் பக்கம் போய் உட்காரலாம். ஆனால் அந்த முறையைக் காப்பதற்குத்தானே கமிட்டி!

படம் அரசாங்கத்துடையது. உருளைக்கிழங்குப் பயிருக்கு மருந்தடிப்பது எப்படி என்பது கதை. நாற்பது வருஷம் உருளைக்கிழங்கிலேயே புரண்ட லூர்துசாமி கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார். திரையில் ஒரு கிழங்கு தோன்றியபோது அவரால் பொறுக்க முடியவில்லை.

“ஏ தங்கச்சி, கெழங்கு எப்பிடி இருக்கு?”

கணப்புச் சட்டியருகே இருந்து பதில் வந்தது: “முழுசா இருக்குண்ணே.”

திங்கட்கிழமை படச்சுருளை எடுத்துப்போக சேனாதிபதி வந்தார். குறி சரிதானா என்று வாத்தியாரும் லூர்துசாமியும் தனித்தனியாக அவரிடம் விசாரித்தார்கள். அவர் குறியைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், கடைசியாக விளக்குமாறோடு நின்ற சூசையம்மாளைப் பார்த்தார். நாடாவை எடுத்து அளந்தார்.

“முப்பத்திரண்டு அடி. துளி மாறலைங்க,” என்றார். அது உண்மை.

அடுத்த கூட்டத்தில், சாக்பீஸ் அழிந்துபோகும் அபாயம் இருப்பதால் குறியை வெள்ளைப் பெயிண்டால் நிரந்தரமாக்குவது என்று கமிட்டி ஏகமனதாகத் தீர்மானித்தது. பெயிண்டு அடித்தவர் சூசையம்மாள். 1967 வரை அந்த மண்டபத்தில் ஓடிய ஒவ்வொரு படத்தையும் அவர் முழுசாகப் பார்த்தார். நடுவழியிலிருந்த கமிட்டி நாற்காலிகள் இரண்டாம் படத்துக்குள்ளேயே ஆண்கள் பக்கச் சுவரோரம் போய்விட்டன. அதற்குத் தீர்மானம் எதுவும் கிடையாது. பதிவேட்டை யாரும் திருத்தவில்லை.

அந்தச் சனிக்கிழமை, குறிகளை மட்டும் விட்டுத் தரையைக் கழுவிய பிறகு, சூசையம்மாள் தன் விளக்குமாற்றால் ஐந்து அளவு அளந்து, சிலுவைக் குறியையும் மேடைக் கோட்டையும் வலப்பக்கம் தள்ளிப் போட்டார்.