கண்ணாடி மேல் வைத்த பொட்டு

உயிரோடு இருப்பவரின் படத்தை ஊர் பார்க்க வெளியிடுவதானால், அவருடைய சம்மதத்தைப் பெற வேண்டும். காலமானவருடையதென்றால் வாரிசின் சம்மதம் போதும். இரத்தினபுரி அரசாங்கக் கச்சேரியில் ஓய்வு வயது வரை கோப்புகளோடு காலம் தள்ளியவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாதவர் என்று மூன்றாவது வகை ஒன்று உண்டு. அதைப் பற்றி விதி வாய் திறப்பதில்லை. என் அக்கா அந்த வகை.

அப்பாவுக்குக் கஹவத்தைக் கடைத்தெருவில் துணிக்கடை. தோட்டங்களிலிருந்து ஆட்கள் பஸ் ஏறி வரும் ஞாயிற்றுக்கிழமையில்தான் வியாபாரம். மற்ற நாட்களில் அவருக்குக் கேமராதான் தொழில். சொந்தக்காரர்களில் அவரிடம் படம் எடுத்துக்கொள்ளாமல் தப்பியவர் எவரும் இல்லை. அக்காவைக் கட்டிக்கொடுத்த குடும்பத்துக்கு எழுபதுகளில், தோட்டத் தமிழரைத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தப்படி, இந்தியக் கடவுச்சீட்டு கிடைத்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறினாள். நீலகிரிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கடை விலாசத்துக்குக் கடிதம் வந்துகொண்டிருந்தது.

எண்பத்து மூன்று கலவரத்தில் கடை எரிந்தது. கடைக்குப் பின்னால்தான் வீடு. அம்மா சுவரிலிருந்த படங்களையும் பிஸ்கட் டின்களில் இருந்த படங்களையும் புடவையில் சுற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாவின் சமையலறைக்கு ஓடினாள். திரும்ப வந்து தையல் மெசினையும் இழுத்துக்கொண்டு போனாள். அவள் கொண்டுபோனதில் எல்லாருடைய முகமும் இருந்தது. ஒருவருடைய விலாசமும் இல்லை. நாங்கள் இரத்தினபுரிக்கு வந்துவிட்டோம். அக்கா பிறகு எழுதியிருந்தால் அது இல்லாத கடைக்குப் போயிருக்கும். நான் ஞாபகத்திலிருந்த தோட்டத்தின் பெயருக்கு எழுதினேன். உரிய இடங்களுக்கு உரிய வழியில் விண்ணப்பமும் செய்தேன். அவை இன்னும் பரிசீலனையில் இருக்கக்கூடும். அப்பாவும் அம்மாவும் இறந்ததைக்கூட அக்காவுக்கு அறிவிக்க வழியில்லை.

இரத்தினபுரி மழைக்குப் படம் என்றும் பாஸ்போர்ட் என்றும் பேதம் தெரியாது. எல்லாவற்றிலும் பூஞ்சணம் பிடிக்கும். படங்கள் முழுதாகப் போவதற்குள் முகநூலில் ஏற்றிவிடுவது என்று தீர்மானித்தேன். சொந்தக்காரர் எல்லாருக்கும் செய்தி அனுப்பிச் சம்மதம் கேட்டேன். சிலர் கட்டைவிரல் படத்தை மட்டும் அனுப்பினார்கள். கைரேகையாக ஏற்றுக்கொண்டேன். அக்காவின் சார்பில் நானே சம்மதித்தேன். அவளை யாராவது அடையாளம் காண மாட்டார்களா என்பதுதான் இத்தனை ஏற்பாட்டுக்கும் காரணம். அதை நான் வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை.

டின்களில் இருந்தவற்றால் தொல்லை இல்லை. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியவைதான் வம்பு. கழற்றினால் படம் கண்ணாடியோடு ஒட்டி உரிந்துவரும். ஆகவே மாட்டியபடியே ஃபோனால் எடுத்தேன். சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு எல்லாவற்றையும் ஏற்றினேன்.

மறுநாள் காலையில் நிவித்திகலவிலிருந்து மாமா கூப்பிட்டார். அம்மாவின் கடைசித் தம்பி.

"மருமகனே, நான் செத்து எத்தன நாளாச்சு?"

"என்ன மாமா சொல்றீங்க?"

"என்னத்த சொல்றது? மள கெதர எப்ப, எழவு எப்பன்னு கேட்டு லயத்துச் சனமே வாசல்ல நிக்குது. பக்கத்து வீட்டுச் சிங்கள மாத்தயா வெள்ளக் கொடியோட வந்துட்டாரு. நான்தான் அவருக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தேன்!"

பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மாமாவின் நெற்றியில் சந்தனம், அதன் மேல் குங்குமம். படத்துக்குப் பொட்டு வைத்தால் ஆள் இல்லை என்று அர்த்தம். எங்கள் வீட்டில் மட்டும் அப்படியில்லை. ஆயுத பூசைக்கு அப்பா கேமராவுக்குப் பொட்டு வைப்பார். கேமராவுக்கு வைத்தால் அது பெற்ற பிள்ளைகளுக்கும் வைக்க வேண்டாமா என்று அம்மா எல்லாப் படங்களுக்கும் வைக்கத் தொடங்கினாள். இருப்பவர், இல்லாதவர், ரேடியோ, தையல் மெசின், எல்லாருக்கும் ஒரே சந்தனம். அம்மாவுக்குப் பிறகு என் மனைவி வைக்கிறாள். வருடக்கணக்காகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தப் பொட்டுகள் தெரியவேயில்லை. விதிகள் அத்தனையும் தெரிந்த நான், சொந்தக்காரரில் பாதிப் பேருக்கு மரண அறிவித்தல் கொடுத்திருந்தேன்.

அக்காவின் கல்யாணப் படத்திலும் பொட்டு இருந்தது. கீழே ஆழ்ந்த இரங்கல்கள் வரிசையாக நின்றன. நடுவில் ஒரு கேள்வி. கேட்டவர் தன் முகத்துக்குப் பதிலாகத் தேயிலைச் செடி ஒன்றைப் போட்டிருந்தார்.

"இவங்க எப்ப இறந்தாங்க? யார் சொன்னது?"

பதறும்போது எனக்குக் கச்சேரித் தமிழ்தான் வரும். "மேற்படி பெண்மணியின் தற்போதைய நிலை எம்மால் உறுதிப்படுத்தப்படவில்லை. தங்களுக்கும் அவருக்குமான உறவுமுறையைத் தெரியப்படுத்தவும்" என்று எழுதினேன்.

பதில் இல்லை. வெசாக் பண்டிகைக் காகிதக் கூடுகள் தொங்கி, நனைந்து, கிழிந்தன. களு கங்கை பெருகி கரண்ட் போனது. வடிந்து கரண்ட் வந்தது. அந்தக் கேள்வியை எத்தனை விதமாகப் படிக்கலாமோ அத்தனை விதமாகவும் படித்தேன். அவளை உயிரோடு பார்த்துக்கொண்டிருப்பவரின் கோபமா? அல்லது, அவள் செத்தது இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்ற ஆச்சரியமா? பிழையான ஒரு வரியால் அவளை இரண்டாவது தடவையும் தொலைத்துவிட்டேனோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

மனைவி என் பதிலை வாங்கிப் படித்தாள்.

"என்னங்க இது? எங்கக்கா நல்லாருக்காளான்னு கேக்காம, லைசன் புதுப்பிக்க வந்த ஆளுக்கு எழுதுற மாதிரி எழுதியிருக்கீங்க?"

"முறைப்படி..."

"மொறய அடுப்புல போடுங்க. நான் சொல்றேன், எழுதுங்க."

அவள் சொன்னபடி எழுதினேன். இவங்க எங்க அக்கா. இறந்துட்டாங்கன்னு யாரும் சொல்லல. ஆயுத பூசைக்கு எங்க வீட்டுல எல்லாப் படத்துக்கும் பொட்டு வைப்போம். அக்கா இருக்காங்களா? தயவுசெஞ்சு சொல்லுங்க.

அத்தாட்சி இணைக்காமல் எனக்கு எதையும் அனுப்பத் தெரியாது. பொட்டு வைத்த ரேடியோ, தையல் மெசின், பொட்டோடு சிரிக்கும் என் அரைக்கால்சட்டைப் படம், மூன்றையும் என் ஃபோன் நம்பரோடு இணைத்தேன்.

சில நாள் கழித்து ஃபோன் அடித்தது. இந்திய நம்பர். ஓர் ஆண் குரல்.

"மாமா, கோத்தகிரியிலருந்து பேசுறேன். உங்கக்கா மவன். அம்மா உசிரோட இருக்கையிலயே பொட்டு வச்சுட்டாங்களேன்னு எனக்கு ஆத்திரம். அவங்ககிட்ட காட்டவே இல்ல. நேத்து அந்தத் தையல் மெசினத்தான் மொதல்ல காட்டினேன், பொறகு அவங்க கல்யாணப் படத்த. சிரிச்சாங்க பாருங்க, நிறுத்த முடியல."

பக்கத்தில் யாரோ ஃபோனைப் பிடுங்கும் சத்தம்.

"டேய் தம்பி! ஒம் பொண்டாட்டிக்குக் கண்ணு தெரியாதா? நெத்தியில வைக்காம எம் மூக்குல வச்சிருக்கா!"

அக்காவேதான். அப்பா, அம்மாவைப் பற்றிக் கேட்டாள். நான் இழுப்பதிலிருந்தே புரிந்துகொண்டாள்.

"தெரியும்டா. இருந்தா நூறு வயச நெருங்கியிருக்குமே" என்றாள். பிறகு சொன்னாள், "கட எரிஞ்சதுல ஒருத்தரும் மிஞ்சலன்னு பொறகு கப்பல்ல வந்தவங்க சொன்னாங்க. வருசா வருசம் ஆடி அமாவாசைக்கு எல்லாருக்கும் எள்ளுத்தண்ணி எறைக்கிறோம். ஒனக்கும் சேத்துத்தான்டா. இவன்தான் மாமா மாமான்னு சொல்லி எறைப்பான்."

மருமகன் பின்னாலிருந்து, "மன்னிச்சிருங்க மாமா" என்றான்.

நான் சிரித்தேன். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறியது. மனைவி ஃபோனை வாங்கிக்கொண்டு, தான் கண்ணாடி போடாமல் பொட்டு வைத்ததைப் பற்றி நாத்தனாருக்கு விளக்கம் கொடுக்கப் போனாள். அன்று மத்தியானம் நான் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

பதில் கிடைத்த தேதி: பொசன் போயா, பௌர்ணமி நாள். அரசாங்க விடுமுறை.