குதிரைக்கு வாயால் மூச்சு விட முடியாது

பொன்முடியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் மலை ஏறிய கதையைத்தான் எழுதுகிறார்கள். நான் இறங்கிய கதையை எழுதுகிறேன். அதுவும் லாரியில், பின்னால் ஒரு குதிரையோடு. இந்த எழுபத்து நாலாம் வருஷம், ஓணத்துக்கு முந்தின வாரம். நடந்து இரண்டு மாதம் ஆகிறது, கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் எழுத்து கொஞ்சம் முன்னே பின்னே போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் இங்கே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் குமாஸ்தா. தோட்டத்துக்கு மணி என்று ஒரு குதிரை உண்டு. பஸ் வராத நாட்களில் தபாலும் அரிசியும் அதன் முதுகில்தான் வரும். எங்கள் மகன் பாலுவுக்கு இரண்டரை வயசு. மணியின் மூக்கோடு மூக்கை உரசிவிட்டுச் சிரிப்பதுதான் அவனுக்கு விளையாட்டு. ஆடி மாதத்திலிருந்து அந்த மூக்கின் வலது பக்கம் ஒழுக ஆரம்பித்தது. மஞ்சள் சளி, கிட்டே போனால் குடலைப் புரட்டும் நாற்றம்.

மானேஜர் பத்தடி தள்ளி நின்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார். "கிளாண்டர்ஸ். குதிரைக்கு வர்ற தொத்து நோய், மனுஷங்களுக்கும் ஒட்டும். திங்கட்கிழமை சுட்டுப் புதைச்சிடலாம்" என்றார்.

"மனுஷங்களுக்கும் ஒட்டும்னா, பாலு?" என்று கேட்டேன்.

"அவன் நல்லாத்தானே இருக்கான். உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்" என்றார் என் கணவர். மானேஜர் சிரித்தார்.

நான் கல்லூரியில் விலங்கியல் படித்தவள். அந்த நோய் மனிதருக்கு வந்தால் பிழைப்பது கஷ்டம் என்று தெரியும். குதிரையைச் சுட்டுப் புதைத்துவிட்டால் அதற்கு என்ன நோய் என்று யார் எனக்குச் சொல்வார்கள்? என் பிள்ளை தும்மும்போதெல்லாம் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது? உரம் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரியில் குதிரையைத் திருவனந்தபுரம் கொண்டுபோகிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன். மானேஜர் ஒரு நிபந்தனை போட்டார்: வழியில் நோய் பரவக்கூடாது, மூக்கைக் கட்டித்தான் கொண்டுபோக வேண்டும். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. கேட்டாரா என்றும் எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை காலை ஏழரைக்குக் கிளம்பினோம். குதிரைக்காரர் செல்லையா ஒரு சாக்கை நாலாக மடித்து, யூகலிப்டஸ் தைலத்தில் நனைத்து, மூக்கு இரண்டையும் மூடிக் கட்டினார். எங்கள் மலையில் தலைவலி முதல் பிரசவ வலி வரைக்கும் அந்தத் தைலம்தான். "வாய் சும்மாத்தானம்மா இருக்கு, அதால மூச்சு விட்டுக்கிடும்" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பாலுவோடு நான் முன்னால் ஏறினேன், மணியோடு செல்லையா பின்னால்.

இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். எட்டோ ஒன்பதோ தாண்டியதும் பின்னால் பலகையை உடைப்பது போல் உதை விழுந்தது.

"பேடிக்கண்டா சேச்சி, குதிரைக்கும் வளைவு பிடிக்காது" என்று பயத்தைப் போக்கப் பார்த்தார் டிரைவர் வாசு.

பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மணியின் கண்ணில் வெள்ளைதான் தெரிந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் சாக்கு உள்ளே போய் ஒட்டிக்கொள்கிறது. வாய் மட்டும் இறுக மூடியபடியே இருக்கிறது. மூச்சு முட்டுகிறவர் யாராவது வாயை மூடிக்கொண்டிருப்பார்களா?

"வாசு, நிறுத்துங்க!"

"இறக்கத்தில் எங்கனே சேச்சி? அடுத்த வளைவில்..."

"நிறுத்தலேன்னா குதிச்சிடுவேன்."

நிறுத்தினார். பாலுவை அவர் மடியில் போட்டுவிட்டுப் பின்னால் ஏறினேன்.

"அவுக்க வேண்டாம்மா, மானேஜர் ஐயா ஏசுவாரு" என்றார் செல்லையா.

"ஏசட்டும். அறுங்க!"

அறுத்தார். மணி இழுத்த மூச்சின் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. அடுத்த மூச்சில் அந்தச் சளி முழுக்க என் புடவையில். கல்லாற்றில் உடம்பு எரியும் வரை சோப்புப் போட்டுக் குளித்து, வேறு புடவை மாற்றிய பிறகுதான் பிள்ளையைத் தொட்டேன். (கல்லாறு குளிக்க நல்ல இடம். பாறை வழுக்கும், ஜாக்கிரதை.) விதுரையில் புட்டும் கடலையும் சூடாகக் கிடைத்தது, எனக்கு இறங்கவில்லை. நெடுமங்காடு வழியாக நகரத்துக்குள் நுழையும்போது பதினொன்று ஆகிவிட்டது. மொத்தம் அறுபது கிலோமீட்டர் சுமார்.

மிருக ஆஸ்பத்திரி டாக்டர் முதலில் கேட்டது, "வீட்டுக்காரர் எவிடே?"

"குதிரைக்கு வீட்டுக்காரர் கிடையாது. நான்தான் வந்திருக்கேன்."

சிரித்துவிட்டார். பிறகு ஒழுங்காகப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே எலும்பை விரலால் தட்டினார். இடது பக்கம் காலி டப்பா மாதிரி சத்தம், வலது பக்கம் மந்தமாக. "இதினகத்து காற்றுதான் இருக்கணும், சீழ் இருக்கு" என்றார். குதிரையின் முக எலும்புக்குள் பெரிய பெரிய காற்றறைகள். மேல்தாடைக் கடைவாய்ப் பற்களின் வேர் அந்த அறைக்குள்தான் நீட்டிக்கொண்டிருக்குமாம். வாயைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். ஒரு கடைவாய்ப் பல் பிளந்து, பிளவில் புல் அழுகிக் கிடந்தது. நாற்றத்துக்குக் காரணம் அதுதான். இத்தனை நாளும் மூக்கையே பார்த்தோம், வாயைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

சாக்கு கட்டியதைச் சொன்னதும் டாக்டரின் முகம் மாறியது. "கொல்லப் பார்த்தீங்களா? நமக்கு மூக்கடைச்சா வாய் உண்டு. இதுக்கு அண்ணம் தொண்டையில் பூட்டு போட்ட மாதிரி மூச்சுக்குழலை ஒட்டி நிக்கும். மூக்கை விட்டா வேற வழியில்லா."

"அப்போ கிளாண்டர்ஸ் இல்லைதானே டாக்டர்?"

"மூக்குக்குள்ளே புண் இல்லா, தாடைக்கடியில் கட்டியும் இல்லா. பக்ஷே அந்த நோயிலும் சிலப்போ ஒரு பக்கம் ஒழுகும். இமையில் ஊசி போடறேன். ரெண்டு நாளில் வீங்கினா நோய். அதுவரை ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அந்த இரண்டு நாளும் பழவங்காடிப் பக்கம் சித்தி பெண் வீட்டில் தங்கினேன். பாலு தும்மினால் எழுந்து உட்கார்ந்தேன். பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்தேன். வேண்டிக்கொண்டது பாலுவுக்காக, கல்லில் ஓங்கி அடித்தது மானேஜரை நினைத்து.

சனிக்கிழமை இமை வீங்கவில்லை. டாக்டர் மணியின் முகத்தில் சின்னத் துளை போட்டு, அது வழியாகப் பல்லைத் தட்டி எடுத்தார். துளையில் உப்புத் தண்ணீர் ஊற்றினால் மூக்கால் சீழ் கொட்டியது. செல்லையா மணியின் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பாலு, "மணி மூக்கு சிந்துது" என்று கை தட்டினான்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மழைக்காலத்தில் காலையிலேயே இறங்கிவிடுங்கள், மதியத்துக்கு மேல் மஞ்சு மூடி வழி தெரியாது. குதிரையை ஏற்றினால் தலையைத் தாழ்த்த இடம் விடுங்கள், மூக்கில் எதையும் கட்டாதீர்கள். ஒரு மூக்கில் மட்டும் நாற்றத்தோடு ஒழுகினால் வாயையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

நாங்கள் திரும்பியபோது லாயத்துக்குப் பின்னால் குழி வெட்டி வைத்திருந்தார்கள். மானேஜர் வந்து பார்த்தார், இந்தத் தடவை கைக்குட்டை இல்லாமல். "பார்த்தியாம்மா, ஒண்ணுமில்லை. சும்மா பயந்தே" என்றார். என் கணவரும் தலையாட்டினார்.

நான் பயப்படாமல் இருந்திருந்தால் அந்த ஒண்ணுமில்லாதது குழிக்குள் கிடந்திருக்கும் என்று இருவருக்கும் கேட்கும்படி சொன்னேன். குழியை மூடும் வரை அங்கிருந்து நகரவில்லை.