சூரைப் புதரடியில் இருந்த விறகுக் கட்டு

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. திண்டிவனத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியர் வேலை. என் சிநேகிதன் ஒருவன் விழுப்புரத்தில் லாரி ஆபீசில் புக்கிங் கிளார்க்காக இருந்தான். சேலத்துக்கு லோடு ஏற்றிப்போகும் டிரைவர்கள் மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, காட்டில் சமைத்துச் சாப்பிட்டு, அங்கேயே படுத்து எழுந்து வருவதை அவனிடம் கதை கதையாகச் சொல்வார்கள். அவனுக்கும் அப்படி ஒரு தடவையாவது இருந்து பார்க்க வேண்டும் என்று ஆசை.

"ரெண்டு நாள் காட்ல இருந்துட்டு வரலாம்டா. யாரயும் கேக்க வேணாம், யாருக்கும் பதில் சொல்ல வேணாம்" என்றான்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்துவிட்டிருந்தது. ஆனால் அவனுக்கு அந்த வாரம்தான் ஓய்வு கிடைத்தது. நான் காய்ச்சல் என்று மூன்று நாளுக்கு லீவு லெட்டர் எழுதி, பக்கத்து அறையில் இருந்த டிராயிங் மாஸ்டரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். அவன் லாரி ஆபீசிலிருந்து ஒரு பழைய தார்ப்பாயைச் சொல்லாமல் எடுத்து வந்திருந்தான். இரண்டு சைக்கிள், ஒரு அலுமினியச் சட்டி, அரிசி, மிளகாய், புளி, கொஞ்சம் வறுத்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை. இவ்வளவுதான் எங்கள் சாமான்.

செஞ்சிச் சாலையில் போய், ஒரு வண்டிப்பாதையில் இறங்கி, அது முடிந்த இடத்திலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். காப்புக்காடு என்று வெட்டிய கல் ஒன்று வழியில் நட்டிருந்தது. அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது என்று தெரியும். இருவருமே அந்தக் கல்லைப் பற்றிப் பேசவில்லை. காடு என்றால் பெரிய மரங்கள் அடர்ந்த காடு அல்ல. பாறைக் குன்றுகள், அவற்றின் இடுக்கில் வீரையும் உசிலையும் காரையும், கீழெல்லாம் முள். குன்றின் முதுகில் ஒரு சுனை இருந்தது. அதற்குப் பக்கத்தில் கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருந்த பாறையின் கீழ் தார்ப்பாயை விரித்தோம்.

அந்த முதல் சாயங்காலத்தை நான் குறைத்துச் சொல்லக் கூடாது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை. கீழே ஏரிகளும் கரும்புத் தோட்டங்களும் தெரிந்தன. ஒரு மயில் எங்களுக்கு எதிரிலேயே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போயிற்று. மணி அடிக்க யாரும் இல்லை. நான் சட்டையைக் கழற்றிவிட்டுப் பாறையில் மல்லாந்து கிடந்தேன்.

பொழுது சாயச் சாயக் குளிர ஆரம்பித்தது. சுள்ளி பொறுக்கப் போன சிநேகிதன் கொஞ்ச நேரத்தில் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான். தோளில் பெரிய விறகுக் கட்டு.

"அந்தச் சூரைப் புதருக்குக் கீழ இன்னும் ரெண்டு கட்டு கெடக்குது" என்றான்.

கட்டைப் பார்த்தேன். எல்லாக் குச்சியும் ஒரே நீளம். வெட்டிய வாய் ஒரே பக்கமாக அடுக்கியிருந்தது. காட்டுக்கொடியை முறுக்கி இரண்டு இடத்தில் கட்டியிருந்தார்கள். காய்ந்த மரத்தைத் தேடித் தேடி எடுத்து, பொறுமையாகச் சேர்த்து, யார் கண்ணிலும் படாமல் ஒளித்து வைத்த கட்டு அது. பார்த்தவுடனேயே அது எனக்குப் புரிந்துவிட்டது. பிற்பாடு பல தடவை, எனக்குத் தெரியாது என்று என்னையே ஏமாற்றிப் பார்த்திருக்கிறேன். தெரியும்.

"யாரோ வெச்சிருக்காங்கடா" என்றேன்.

"காட்ல கெடக்கறது யாருது? கவர்மெண்டுது. கவர்மெண்டு யாருது? நம்முளுது" என்றான். நான் சிரித்தேன். கொடியை அறுத்தது நான்தான்.

சோறாக்க அதில் நாலு குச்சி போதும். ஆனால் இரண்டு இரவும் எங்களுக்குக் குளிர் தெரியாதபடி, ஆள் உயரத்துக்கு நெருப்பு எரிந்தது. மூன்று கட்டும் சாம்பலாயிற்று.

மூன்றாம் நாள் காலையில் நான் சுனையில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் மேலே ஏறி வந்தாள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். இடுப்பில் ஒரு கத்தி, தலையில் சும்மாடு. எங்களைப் பார்த்ததும் தயங்கி நின்றாள். பிறகு நேராகச் சூரைப் புதருக்குப் போய்க் குனிந்து பார்த்தாள். எழுந்து, சுற்றி வந்து, மறுபடி குனிந்து பார்த்தாள்.

"ஐயா, இங்க மூணு கட்டு வெறகு வெச்சிருந்தேன். பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

கேள்வி என்னிடம்தான். நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். முகத்தில் ஈரம் போன பிறகும் துடைத்தேன்.

"பாக்கலியே. நாங்க இப்பதான் வந்தோம்" என்றான் சிநேகிதன்.

அவனுக்குப் பின்னால் பத்தடியில், பாறை கறுத்து, சாம்பல் குவிந்து கிடந்தது. மேலே லேசாகப் புகை கூட இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"மக பெத்துப் போட்டுக் கெடக்கறா. வெந்நிக்கின்னு எட்டு நாளா சேத்தது" என்றாள். சண்டைக்கு வரும் குரல் இல்லை. நாங்கள் ஏதாவது சொல்வோம் என்று கொஞ்ச நேரம் நின்றாள். "செரிங்க" என்று சொல்லிவிட்டு மறுபக்கச் சரிவில் இறங்கினாள்.

நாங்கள் அவசர அவசரமாகத் தார்ப்பாயைச் சுருட்டினோம். அப்போது கீழே கத்தி விழும் சத்தம் கேட்டது. காய்ந்த கிளையில் விழுந்தால் ஓசை வேறு. இது பச்சை மரம். காய்ந்து விழுந்ததைப் பொறுக்கினால் அந்தப் பக்கத்துக் காட்டைக் காவல் காக்கும் பாரஸ்டு கார்டு கண்டுகொள்ள மாட்டார். பச்சை மரத்தில் கத்தி பட்டால் விட மாட்டார். இது சுற்றுப்பட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அவளுக்குத் தெரியாமல் இருக்காது. வெறுங்கையோடு வீட்டுக்குப் போக முடியாமல் வெட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் ஆம்பளைக் குரல் கேட்டது. காக்கிச் சட்டை தெரிந்ததும் நாங்கள் சைக்கிள்களோடு ஒரு பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டோம். கார்டு அவளைச் சுனைப் பக்கமாகவே அழைத்து வந்தார். பச்சை விறகு அவள் தலையில் இருந்தது. கத்தி அவர் கையில் இருந்தது. சாம்பலைப் பார்த்ததும் அவர் நின்றுவிட்டார்.

"இது யாரு வேல? காட்டுக்குள்ள நெருப்பு வெச்சிருக்கியா நீ?"

"நான் வெக்கலைங்க."

"பின்ன யாரு வெச்சா? உன்னோட யாரு வந்தது?"

"நான் மட்டுந்தாங்க வந்தேன்."

"அப்ப நீதான் வெச்ச."

அவள் தலையில் சுமையோடு அசையாமல் நின்றாள். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே இருபது அடி கூட இருக்காது. எழுந்து நான்கு எட்டு வைத்திருந்தால் போதும். காய்ச்சலில் படுத்திருக்க வேண்டிய வாத்தியார் காப்புக்காட்டில் நெருப்பு மூட்டினார் என்று பள்ளிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று மனசு கணக்குப் போட்டது. சிநேகிதன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் பிடித்ததால்தான் நான் எழவில்லை என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருக்கும். அவன் பிடிக்காவிட்டாலும் நான் எழுந்திருக்க மாட்டேன்.

அவர்கள் போன பிறகு நாங்கள் வேறு வழியாக இறங்கினோம். சாலைக்கு வந்து பிரியும்போது, "நாமளா வெட்டச் சொன்னோம்?" என்றான் அவன்.

மறுநாள் பள்ளிக்குப் போனேன். இரண்டு நாள் புகையில் கிடந்ததில் கண் சிவந்து, தொண்டை கட்டியிருந்தது. தலைமையாசிரியர் என்னைப் பார்த்து, "முழுசா தேவலையாவலியே சார். மொத பீரியட் நான் பாத்துக்கறேன், நீங்க உக்காருங்க" என்றார். மத்தியானம் அவர் வீட்டிலிருந்து மிளகு ரசம் வந்தது. அதைக் குடித்து முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. டிராயிங் மாஸ்டர், காய்ச்சல் இறங்குகிறது, நல்லது என்றார்.

சனிக்கிழமை, பட்டறையில் ஒரு புதுக் கத்தி வாங்கினேன். விறகு விற்கும் தொட்டியில் இரண்டு கட்டு சவுக்கு வாங்கிச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டேன். காட்டை ஒட்டிய ஊருக்குப் போய், பிள்ளை பெற்ற வீடு எது என்று விசாரித்தேன். சின்ன வீடு. வாசலில் குழந்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அவள் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து முறத்தைக் கீழே வைத்தாளே தவிர, ஆச்சரியப்படவில்லை.

"அன்னிக்கு அந்தக் கட்ட எரிச்சது நாங்கதாம்மா" என்றேன்.

"தெரியுங்க."

"அப்ப கார்டுகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா மட்டும்? நீங்க பேண்டு சட்ட போட்டவங்க. உங்கள உட்டுட்டு, பொய் சொல்றியான்னு என்னத்தான் இன்னும் ரெண்டு கேப்பாரு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவனுக்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள்.

மூன்று நாள் அவளைப் பாரஸ்டு கொட்டகைக்கு வரச் சொல்லி, பெருக்க வைத்து, கன்றுகளுக்குத் தண்ணீர் சுமக்க வைத்திருக்கிறார்கள். கத்தியைத் திருப்பித் தரவில்லை. அந்த நாட்களில் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய விறகில்தான் மகளுக்கு வெந்நீர் வைத்தாளாம். புதுக் கத்தியைக் கையில் வாங்கி, விரலால் கூர் பார்த்தாள். "இது இருக்கட்டும். வெறக அந்த வூட்ல எறக்கிடுங்க. அவங்களுதுதான் எரிச்சேன்" என்றாள்.

இறக்கி வைத்துவிட்டு வந்தேன். நெஞ்சில் பாதி பாரம் குறைந்தது போல இருந்தது. கிளம்பப் போனபோதுதான் அவள் கேட்டாள்.

"ஐயா, ஒரு ஒத்தாச பண்ணுவீங்களா? நெருப்பு வெச்சது நான் இல்லன்னு கார்டுகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க. மரம் வெட்டுனதுக்குப் பண்ணதெல்லாம் செரி. நெருப்பு வெச்சவன்னு சொல்லித்தான் இப்ப காட்டுப் பக்கமே போவ உடமாட்டேங்கறாரு. சுள்ளி பொறுக்கக் கூட உடலை."

"சொல்றேம்மா" என்றேன். யோசிக்காமல், உடனே சொன்னேன். அவள் அதை நம்பினாள். அது அவள் முகத்தில் தெரிந்தது.

அடுத்த வாரம் அந்தக் கொட்டகைக்குப் போகத்தான் செய்தேன். வழியெல்லாம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனப்பாடம் செய்தேன். கார்டு வெளியில் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அருகில் பார்த்தால் சாதுவான மனிதர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்க சார். பாத்தா இஸ்கூல் சாரு மாதிரி இருக்கீங்க. என்ன விஷயமா வந்தீங்க?"

வாய் திறந்தேன். "ஸ்கூல்ல நட மரக்கன்னு கெடைக்குமான்னு கேக்க வந்தேன்" என்றேன்.

அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. அவருக்கு மகிழ்ச்சி. ஆறு வேப்பங்கன்றுகளை அவரே பார்த்து எடுத்து, வேரில் ஈரச் சாக்குச் சுற்றி, சைக்கிளில் கட்டிக் கொடுத்தார். "உங்கள மாதிரி நாலு பேரு இருந்தா காடு பொழச்சிக்கும் சார். இந்தப் பொம்பளைங்க இருக்காங்களே, நெருப்பே வெச்சுட்டாங்க போன வாரம்" என்றார். அப்போதும் நான் தலையை ஆட்டினேன்.

கன்றுகளைப் பள்ளிக்கூடத்தில் நட்டோம். ஐந்து பிழைத்தன. தலைமையாசிரியர் பிரார்த்தனைக் கூட்டத்தில் என்னைப் பாராட்டிப் பேசினார். பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு கார்டுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நெருப்பு வைத்தது டவுனிலிருந்து வந்த இரண்டு பேர், அந்த அம்மாள் அல்ல என்று இடது கையால் எழுதி, கையெழுத்துப் போடாமல் தபாலில் போட்டேன். அது போய்ச் சேர்ந்ததா, யாராவது படித்தார்களா என்று தெரியாது. பெயர் இல்லாத கடிதத்தை யார் மதிப்பார்கள் என்பது எழுதும்போதே எனக்குத் தெரிந்திருந்தது.

சிநேகிதனிடம் ஒரு முறை இதைப் பற்றிப் பேசினேன். "இன்னும் அதயே நெனச்சிக்கினு இருக்கியா?" என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டான். அவன் நல்லவன்தான். அவளுக்கு அவன் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து எனக்கு விழுப்புரம் பக்கம் மாற்றலாயிற்று. போவதற்கு முன்பு, ஒரு வேலையாகச் செஞ்சி போய்த் திரும்பும்போது, அந்த ஊருக்குப் பிரியும் விலக்கில் பஸ் நின்றது. ஏரிக்கரை மேல் அவள் வந்துகொண்டிருந்தாள். தலையில் காய்ந்த மல்லாட்டைக் கொடியும் வேலிமுள்ளும் சேர்த்துக் கட்டிய சுமை. காடு அவள் முதுகுப் பக்கம், கூப்பிடு தூரத்தில் இருந்தது. அடுப்பில் வைத்தால் நொடியில் எரிந்து போகும் அந்தக் கொடியை அவள் வெகுதூரத்திலிருந்து சுமந்து வந்திருந்தாள். பின்னால் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று சேலையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தது.

நான் ஜன்னலோரத்தில் இருந்தேன். அவள் பஸ்ஸை நிமிர்ந்து பார்த்தாள். என்னைத்தான் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. தலையில் சுமை இருந்ததால் கழுத்தைத் திருப்பவும் முடியாது. கண்டக்டர், இறங்க யாராவது உண்டா என்று இரண்டு தடவை கேட்டார். நான் கையிலிருந்த பேப்பரை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.