முனியாண்டி வளைவில் நான் இடித்த பிள்ளை

என் லொறியால் ஒரு பிள்ளை செத்துப்போவாள் என்று மூன்று நாள் பயந்து கிடந்தேன். முனியாண்டி ஐயாவை நம்புகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தேன். உள்ளதை எழுதுகிறேன்.

பூண்டுலோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து ஏற்றுகிற லொறி ஓட்டுகிறேன். அந்த ரோட்டில் நிரோஷா என்ற பிள்ளை காலையில் போட்டிக்குச் சைக்கிள் பழகும். பக்கத்துத் தோட்டத்து மாரிமுத்துவின் மகள். நீந்தி, சைக்கிள் ஓட்டி, அதோடு ஓடியும் முடிக்கிற ஒரு போட்டியாம். எங்களுக்கு அது விளங்கவில்லை. ரேஸ்காரி என்று பேர் வைத்தோம். முதுகுக்குப் பின்னால் போய் ஹோன் அடிப்போம். ரோட்டோரத் தண்ணீர்க் கானில் அவள் இறங்கும்வரை அடிப்போம்.

"என்னா ரேஸ்காரி, லொறியில ஏத்திக்கவா? கால் தேஞ்சிரப் போகுது!" என்று நானே கத்தியிருக்கிறேன். திரும்பிப் பார்க்க மாட்டாள். வெள்ளைக்காரர் சைக்கிளில் வந்தால் ஒதுங்கி வழி விட்டுக் கையும் காட்டுவோம். நம்மைப் போல லயத்து வீட்டில் பிறந்த பிள்ளைக்கு விடவில்லை.

போன ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை. மழை விட்டுப் பனி மூடியிருந்தது. ரோட்டோரம் ஐயா கோயில் இருக்கிற வளைவு. ஓட்டுகிறவர்கள் யாரும் அங்கே நிறுத்த மாட்டோம். ஒரு ஹோன் அடித்து, ஓடுகிற வண்டியிலேயே கையெடுத்துக் கும்பிடுவோம். அன்றும் ஐயாவைப் பார்த்தேன். இரண்டு கையையும் எடுத்தேன்.

ஒரு சத்தம். பெரிதாக இல்லை. பக்கக் கண்ணாடியில் ஏதோ தட்டிய மாதிரி.

பிரேக் போட்டேன். ரோட்டில் ஒன்றும் இல்லை. ரோட்டோரக் கட்டுக்குக் கீழே, பனிக்குள், ஒரு சைக்கிள் சக்கரம் சுற்றுகிற சத்தம் மட்டும் வந்தது. டிக் டிக் டிக் என்று. பிறகு அதுவும் நின்றது.

பக்கத்தில் செல்வராஜ் இருந்தான். வேன் ஓட்டுகிறவன், அன்று என்னோடு ஏறி வந்தவன்.

"எடுங்கண்ணே. யாரும் பாக்கல. போலீஸுன்னு போனா நீங்க முடிஞ்சீங்க."

எடுத்தேன். இதையும் மறைக்க மாட்டேன். பத்தடி நகர்த்தினேன். இரண்டாவது கியருக்குக் கை போகவில்லை. வண்டியை நிறுத்தி இறங்கினேன்.

கட்டைத் தாண்டித் தேயிலைக்குள் இறங்கினேன். நிரோஷா என்று கூப்பிட்டேன். மூன்றடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. செடிக்குச் செடி கையால் தடவிப் பார்த்தேன். பிறகு நின்று கும்பிட்டேன். ஐயாவுக்குச் சேவலும் சுருட்டும் நேர்வதுதான் எங்கள் வழக்கம். அது வாயில் வரவில்லை. "பிள்ளையைக் காட்டு, உசுரோட குடு. நடந்ததை நடந்தபடி சொல்லுறேன்" என்றேன்.

அப்போதுதான் கீழே 'பீ பீ' என்று ஒன்று கத்தியது. சத்தத்தைப் பிடித்துப் போனேன். அவள் கைக்கடிகாரம். விழுந்தால் கத்துமாம். படித்தவர்கள் அவ்வளவுதான் என்பார்கள். சரி. நான் கேட்ட பிறகுதானே கத்தியது.

தலையில் போட்டிருந்த கெட்டிச் சைக்கிள் தொப்பி இரண்டாகப் பிளந்திருந்தது. காதில் இரத்தம். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். இடுப்பில் கட்டியிருந்த முரட்டுப் படங்குத் துணிகளை அவிழ்த்து, அதில் வைத்துத்தான் மேலே தூக்கினோம். செல்வராஜும் ஒரு முனையைப் பிடித்தான்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் அவள் கண் திறக்கவில்லை. அதற்குள் போலீஸில் என்னிடம் வாக்குமூலம் கேட்டார்கள்.

"பனி, அந்தப் புள்ள நடு ரோட்டுல வந்துச்சுன்னு சொல்லுங்கண்ணே" என்றான் செல்வராஜ். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் உள்ளதைச் சொன்னேன். சாமி கும்பிட்டேன், கை ஸ்டியரிங்கில் இல்லை என்றேன். எழுதியவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

மறுநாள் பிள்ளை கண் திறந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாரிமுத்து எழும்பி வெளியே போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளையின் காலடியில் நின்றேன். அவள்தான் பேசினாள்.

"சாமி எங்கயும் ஓடிராதுண்ணே. நாந்தான் ரோட்டுல ஓடிக்கிட்டு இருக்கேன். என்னைய பாருங்க."

கோர்ட்டில் ஆறு மாதம் லைசன்ஸைப் பிடித்தார்கள். ஃபெக்டரியில் கொழுந்து அள்ளினேன். இப்போது மறுபடி ஓட்டுகிறேன். அந்த வளைவில் வண்டியை நிறுத்தி, இறங்கித்தான் கும்பிடுகிறேன். எஞ்சினை அணைத்ததும் கீழே அந்தச் சக்கரம் சுற்றுகிற சத்தம் வருகிறது. பனி இல்லாத நாளிலும் கேட்கிறது. பிள்ளையைக் கேட்டேன், கொடுத்தார். அந்தச் சத்தத்தை எடுக்கும்படி நான் கேட்கவில்லை.

போன மாதம் மேட்டில் எனக்கு முன்னால் அவள் போனாள். தோள் ஒரு பக்கம் சாய்ந்துதான் மிதித்தாள். முதல் கியரில் பின்னால் போனேன். எனக்குப் பின்னால் செல்வராஜின் வேன். ஹோன் அடித்தான்.

"என்னாண்ணே, லொறி செத்துருச்சா?"

"புள்ள போகுதுடா. பொறு."

பொறுத்தான். மேடு முடியும்வரை அடிக்கவில்லை.

உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரலாம். ஓடிவிடாதீர்கள். வண்டியை நிறுத்தி இறங்கி, உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஐயா காது கொடுப்பார். எனக்குக் கொடுத்தார்.