கமராவுக்கு ஆடாத தெய்வம்

சீனன்குடாவில் ஜப்பான்காரன் குண்டு போட்டு எண்ணெய்த் தாங்கி நாள் கணக்கில் எரிந்ததே, அதற்குப் பிறகு வந்த இரண்டாம் மாரியில் நடந்தது இது. அந்தப் புகையில் எங்கள் குடிசைக் கூரையெல்லாம் கறுத்துப்போனது. அது வேறு கதை.

நாங்கள் கொட்டியாரக் கரை வேடர். விமானத் திடலுக்குக் காடு வெட்டும் கூலிக்காக இக்கரைக்கு, சீனன்குடாப் பக்கம் வந்திருந்தோம். என் மகள் வள்ளிக்கு நான்கு வயது. குளிர்காய்ச்சல் பிடித்துப் பதினொரு நாள். கடையில் அதற்கான கொயினா மருந்து இல்லை. பட்டாளத்து டாக்டரிடம் அதே காய்ச்சலுக்கு விழுங்கும் மஞ்சள் குளிசை இருந்தது. ஆனால் கூலிகளின் பிள்ளைகளுக்கு அது கிடையாது. இதைப் பார்ப்பதைவிட நான் செத்துப்போகலாம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் பட்டாளத்துக்கு ஒரு படம் எடுக்க வெள்ளைக்காரர் சிலர் வந்தார்கள். ஊர் ஆட்களும் வேண்டுமாம். படத்துக்கு எடுபடுகிறவனின் வீட்டாரையும் டாக்டர் பார்ப்பார் என்றார், ஓர்ஸ் ஹில் கந்தோரில் எழுத்து வேலை செய்த கிளாக்கர். அவர்தான் எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் கதைத்தவர்.

மூன்று நாள் எங்களைப் பழக்கினார். சுண்ணாம்புக் கோட்டில் வந்து நிற்க வேண்டும். செய்ததையே திரும்பவும் அச்சொட்டாய்ச் செய்ய வேண்டும். கமராவைப் பார்க்கவே கூடாது. எனக்கு அது மட்டும் வரவில்லை. எங்கள் சடங்கில் தெய்வத்துக்கு முகம் காட்டித்தான் ஆடுவோம். முதல் நாள் நான் கமராவைப் பார்த்துக் கும்பிட்டே விட்டேன்.

"அது என்ன பிள்ளையாரோ? பார்க்காதை எண்டெல்லோ சொன்னனான்!" என்று கிளாக்கர் தலையில் அடித்துக்கொண்டார்.

தேர்வு நாளில், படம் எடுக்க வந்த துரை என்னிடம் கேட்டது ஒன்றுதான். சாமி ஏறி ஆடிக் காட்ட வேண்டும்.

முருகன் எங்கள் வேடர் குலப் பெண் வள்ளியைக் கட்டியவர். எங்களுக்கு மச்சான் முறை. சடங்கில் அவர் என்மேல் வந்திருக்கிறார். வராத நாளில் வந்ததாக நான் ஒருநாளும் ஆடியதில்லை.

"ஏலாது ஐயா" என்றேன்.

"ஏன் ஏலாது? இது நடிப்படா. ராசா வேசம் கட்டுறவன் எல்லாம் ராசாவோ?" என்றார் கிளாக்கர்.

"ராசாவை நான் கண்டதில்லை ஐயா. இவரைக் கண்டிருக்கிறன்."

"அப்ப உன்ர பிள்ளை?"

நான் சுண்ணாம்புக் கோட்டை விட்டு விலகி நின்றேன். வெளியே போகச் சொன்னார்கள். வேறொருவனைக் கூப்பிட்டார்கள்.

எதிரே ஒரு பாலை மரம். நல்ல பழம் பழுக்கிற மரம், பிறகு அதையும் வெட்டிவிட்டார்கள். அதன் கீழே இருந்தேன். மான் தண்ணீருக்கு வரும்வரை மூச்சடக்கி இருப்போமே, அப்படி இருந்தேன். வாய் அசையவில்லை. மனதுக்குள் மட்டும் சொன்னேன்: "மச்சான், உங்கட பேரை நான் விக்கேல்லை. உங்கட பெண்சாதியின்ர பேர்தான் என்ர பிள்ளைக்கும். இனி நீங்கள் பாருங்கோ."

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. கிளாக்கர் ஓடி வந்தார்.

"டேய், அசையாதை! அப்பிடியே இரு!"

கமராவைப் பிடித்த வெள்ளைக்காரன் அதை என் பக்கம் திருப்பியிருந்தான். அன்றுதான் நான் அதைப் பார்க்காமல் இருந்தேன். அது கொசுக்காய்ச்சலைப் பற்றிய படமாம்; சாமியாட்டம் அதில் ஒரு துண்டுதானாம். நோயாளிப் பிள்ளைக்காக ஆசுப்பத்திரி வாசலில் காத்திருக்கும் தகப்பன் ஒருவன் அதில் வேண்டுமாம். அதற்கு என்னை எடுத்தார்கள்.

அன்று பொழுதுபடுமுன் வள்ளியின் வாயில் மஞ்சள் குளிசை போனது. சில நாளில் பிள்ளையின் தோலே மஞ்சளாகியது. பயந்துவிட்டேன். மருந்தின் குணம் அது என்றார் டாக்டர். மஞ்சள் பூசிக் குளிப்பாட்டியது போலிருந்தாள். காய்ச்சல் விட்டது. "அப்பா, சோறு" என்று கேட்டாள். நான் குந்தியிருந்து அழுதேன்.

அந்தப் படத்தை நான் பார்த்ததில்லை. வெருகல் முருகன் கோயிலுக்கு ஆண்டுதோறும் நடந்து போகிறேன். முன்பெல்லாம் சடங்கில் என் ஆட்டத்தை நாலு பேர் மெச்ச வேண்டும் என்றிருக்கும். அந்த ஆசை பாலை மரத்தடியிலேயே விட்டுப்போனது. இன்றைக்கு எனக்குக் கஞ்சி வைத்துத் தருகிறவள் அந்த வள்ளிதான்.

முருகனுக்கு முன்னால் நடிக்க வேண்டாம். இருக்கிறபடி இருந்து கேளுங்கள். எனக்கு எழுத்துத் தெரியாது, சொல்லத்தான் தெரியும். காய்ச்சல்காரப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு யாராவது இருந்தால், போய் இதைச் சொல்லிவிடுங்கள்.