அழிக்காத ஏழு குறிகள்

இது நடந்தது. நம்ப மனமில்லாதவர்கள் இப்போதே மூடிவைத்துவிட்டுப் போகலாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை. நம்புகிறவர்கள் பொழியூர் கடற்கரைக்குப் போய், தூண்டில்காரன் சிஜோவின் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். விரலை நீட்டிக் காட்டுவார்கள். வாசல் வரை துணைக்கு வரமாட்டார்கள்.

பேய் என்றால் அமாவாசை வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். அதெல்லாம் ஒரு மண்ணும் வேண்டாம். இது பட்டப்பகலில் நடந்தது. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும்போது தொடங்கியது.

சிஜோவும் அவன் தம்பி அபினும் ஒரே வள்ளத்தில் தூண்டில் போடுகிறவர்கள். ஒரே வள்ளம் என்றுதான் பேர். இரண்டு பேரும் கீரியும் பாம்பும். அபினுக்குக் கடலும் பிடிக்காது, அண்ணனும் பிடிக்காது. கல்ஃபுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். அண்ணனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான், அதுவும் முன்னால் ஒரு கெட்ட வார்த்தையைச் சேர்த்து. காலையில் அவனை எழுப்புவதற்குள் தெருவே எழுந்துவிடும். சிஜோவும் சும்மா இருக்கிற ஆளில்லை. கை நீட்டுவான்.

அப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர், எழுந்திருக்கவில்லை. வினை அதில்தான் வந்தது. கடலுக்கடியில் மீன் கூடுகிற பாறைக்கு இந்தக் கரையில் பாரு என்று பேர். எந்தப் பாரு எங்கே இருக்கிறது என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லை. சாகக் கிடக்கும்போது பிள்ளையின் காதில் அந்த இடத்தின் குறியைச் சொல்லிக் கொடுப்பார்கள். வாயால் கொடுக்காத குறியில் நங்கூரம் போடக் கூடாது. அப்படி ஒரு வழக்கம். அப்பனுக்குச் சொல்ல நேரம் வாய்க்கவில்லை. குறிகள் தெரிந்த ஒரே ஆள் அவருடைய தம்பி ததேயூஸ். அந்த மனுசன் வாய் திறப்பாரா? இவர்கள் பின்னாலேயே போனால், நடுக்கடலில் வள்ளத்தை நிறுத்திவிட்டு, பீடியைப் பற்றவைத்து, இவர்கள் பக்கமாகக் காறித் துப்புவார்.

அந்த வருஷம் சிஜோவின் வள்ளம் போனபடியே வெறுங்கூடையாகத் திரும்பியது. போதாக்குறைக்கு, கையில் வைத்திருந்த ஜி.பி.எஸ். பெட்டியும் ஒருநாள் மீன் வழுவழுப்பில் வழுக்கிக் கடலில் போய்விட்டது. இனி கையில் பிடிக்கிற சாமானே வேண்டாம், மணிக்கட்டில் கட்டுகிறது வேண்டும் என்று பாறசாலைக்கு பஸ் ஏறினான்.

ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் விபின் என்ற பையனின் கடை. போனும் வாட்சும் விற்பான், பழுதும் பார்ப்பான். கண்ணாடி மேசையில் மூன்று வாட்சை எடுத்து வைத்தான்.

சிஜோ முதல் காரியமாக அங்கிருந்த வாளியில் கையை நனைத்தான். ஈரக் கையோடு முதல் வாட்சின் முகத்தைத் தேய்த்தான். திரை நாலு திசைக்கும் ஓடியது, சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

"தொட்டா வேலை செய்யுறது கடலுக்கு ஆவாது. பட்டன் உள்ளது காட்டு."

இரண்டாவதில் பட்டன் இருந்தது. சிஜோ தூண்டில் இழுக்கும்போது போடுகிற பருத்திக் கையுறையை மாட்டிக்கொண்டு அமுக்கிப் பார்த்தான். ஒன்றை அமுக்கினால் இரண்டு அமுங்கியது. தள்ளி வைத்தான்.

"வாட்ச் வாங்க வந்தியா, பெண்ணு பாக்க வந்தியா?" என்றான் விபின்.

மூன்றாவது பழையது. யாரோ கட்டியது. உடம்பெல்லாம் கீறல். ஆனால் கண்ணாடி கல்லு மாதிரி. ஐந்து பட்டன், ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கை விரலுக்குச் சிக்கியது. வார் தளர்ந்தாலும் கழன்று விழாத கொக்கி. வெயிலில் இருந்தாலே கொஞ்சம் சார்ஜ் ஏறும். விபின் அதை வாளிக்குள் போட்டு, ஒரு டீ குடித்து முடிக்கும்வரை விட்டு எடுத்தான். ஓடிக்கொண்டிருந்தது.

"இது பாறை வெட்டுறவனும் கட்டலாம், கடல்ல போறவனும் கட்டலாம். நல்ல சாதனமாக்கும். எறணாகுளத்தில இருந்து மொத்தமா எடுத்த சரக்கில வந்தது. இரு, பழசெல்லாம் அழிச்சித் தாறேன்."

அழிக்கப் போனவன் கையை சிஜோ பிடித்தான். சின்னத் திரையில் வரைபடம் விரிந்திருந்தது. கரை ஒரு கோடு. கோட்டுக்கு மேற்கே, வெறும் கடலில், ஒரே இடத்தைச் சுற்றி ஏழு குறிகள்.

பொழியூருக்கு நேர் மேற்கு!

மற்ற ஊர்க்காரன் என்றால் அழித்துத் தா என்று வாங்கிக்கொண்டு போயிருப்பான். கடற்கரைக்காரனுக்குக் கடலில் ஒரு குறியைப் பார்த்தால் வேறெதுவும் தோன்றாது. பாரு. ஏழு குறி வைக்கிற அளவுக்குப் பெரிய பாரு. சிஜோவுக்கு வாயில் எச்சில் ஊறியது.

"அழிக்கண்டாம். அப்படியே தா."

"எலே, அது யாருக்கதோ..."

"தா எண்ணு சொன்னேன்லா!"

மறுநாள் காலை வள்ளம் தள்ளும்போது அம்மை ரீத்தா மணலில் நின்றாள். மூத்தவனிடம் ஒரே ஒரு காரியம் சொன்னாள். "மீனில்லாம வா. சங்கதியில்ல. அவனில்லாம வராத."

"அவனை நான் என்ன செய்யப் போறேன்? திங்கவா?" என்றான் சிஜோ.

அபின் வழக்கம்போல ஒரு கெட்ட வார்த்தையைக் கடலுக்கும், ஒன்றை அண்ணனுக்கும் பங்கு வைத்துவிட்டு ஏறினான்.

வாட்ச் வேலைக்கார சாமான்தான். அம்புக்குறி காட்டியது, இன்னும் எத்தனை மீட்டர் என்று காட்டியது. பாதி வழியில் ததேயூஸ் சித்தப்பாவின் வள்ளம் எதிர்ப்பட்டது. இவர்கள் போகிற திசையைப் பார்த்ததும் கிழவர் எழுந்து நின்றார். வாயிலிருந்த பீடி விழுந்தது.

"எலே சிஜோ! அங்ஙன போவாத! அங்ஙன மீனில்ல!"

இத்தனை வருஷத்தில் அவர் முதல்முறையாக வாயைத் திறந்து சொன்ன இடம் அது. சிஜோவுக்குச் சிரிப்பு வந்தது. மீனில்லாத இடத்துக்கு எதற்காக இவ்வளவு பதறுகிறார்? அவர் பக்கமாகக் காறித் துப்புவது போல ஒரு சைகை காட்டிவிட்டு எஞ்சினை முறுக்கினான்.

குறிக்கு நானூறு மீட்டர் இருக்கும்போது எஞ்சின் நின்றது.

இருமவில்லை, முக்கவில்லை. சும்மா நின்றது. எண்ணெய் இருந்தது.

"ஒன்னைய நம்பி வந்தேன் பாரு, என்னச் சொல்லணும்," என்றான் அபின்.

சிஜோ நங்கூரத்தைப் போட்டான். கயிறு இறங்கி, தட்டி, விறைத்தது. பிடித்துக்கொண்டது. எஞ்சின் மூடியைக் கழற்றினான். ஒரு பழுதும் இல்லை.

மணிக்கட்டில் வாட்ச் ஒருமுறை அதிர்ந்தது. பார்த்தான்.

முன்னூற்றைம்பது மீட்டர்.

நீரோட்டத்தில் வள்ளம் நகர்கிறது என்று நினைத்தான். கயிற்றைத் தொட்டான். விறைத்தபடி இருந்தது. நங்கூரம் இழுபடவில்லை. ததேயூஸின் வள்ளமும் கரையின் மாதா கோயில் கோபுரமும் இருந்த இடத்திலேயே இருந்தன.

முன்னூறு.

"அபினே... நாம நவுருதோமா?"

"கண்ணு இல்லியா? நிக்குதோம்."

இருநூற்று நாற்பது.

சிஜோவுக்கு அப்போதுதான் உறைத்தது. வள்ளம் குறியை நோக்கிப் போகவில்லை.

குறி வந்துகொண்டிருந்தது.

மேற்கே வானம் கறுத்தது. கோள் கட்டுகிறது. கோள் என்றால் கடலில் திடீரென்று எழும்பும் மழைக்காற்று. ஆனால் காற்று இல்லை. அலையும் இல்லை. தண்ணீர் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. வள்ளத்தின் அடிப்பலகையில் வெளியே இருந்து ஏதோ உரசியது.

க்ர்ர்ர்...

"கயிற வெட்டு!" என்றான் அபின். முதல்முறையாக அவன் குரலில் திட்டு இல்லை, பயம் இருந்தது. "சிஜோ, போவாம்... வேண்டாம், போவாம்!"

"செத்த சும்மா இருல! பயமா இருந்தா கடல்ல சாடி நீந்திப் போ!"

சொல்லிவிட்டான். கோபத்தில் வந்த வார்த்தை. வீட்டில் நூறு தடவை சொன்ன வார்த்தைதான்.

நூற்றிருபது.

மழை விழுந்தது. எதிரே இருப்பது தெரியாத மழை. சிஜோ எஞ்சின் கயிற்றை இழுத்தான். இழுத்தான். இழுத்தான்.

அறுபது.

உரசல் முன்பக்கத்துக்குப் போனது. அபின் இருந்த பக்கம்.

முப்பது.

பத்து...

வாட்ச் நீளமாக அதிர்ந்தது. இடம் வந்துவிட்டது என்றது. பத்து மணி நாற்பத்திரண்டு நிமிடம்.

பின்னால்...

தொப்.

சிஜோ திரும்பினான். கண்ணில் மழை. "அபினே!"

"எலே அபினே!"

மழைக்குள் ஓர் உருவம் வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் உட்கார்ந்திருந்தது. முதுகைக் காட்டியபடி.

அபின்.

சிஜோவுக்குப் போன உயிர் வந்தது. "என்னடே சத்தம் அது?"

"ஒண்ணும் இல்ல."

எஞ்சின் அடுத்த இழுப்பில் பிடித்துக்கொண்டது. நங்கூரத்தை எடுக்க நிற்கவில்லை, கயிற்றை வெட்டிவிட்டுத் திரும்பினான். சிறிது தூரத்தில் மழை கத்தியால் அறுத்தது போல நின்றது. மறுபடியும் அதே வெயில். கரை வரும்வரை அபின் ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கரையில் இறங்கும்போது சிஜோவின் சட்டை காய்ந்து உப்புப் பூத்திருந்தது. அபினின் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

ரீத்தா ஓடி வந்து இளையவனைக் கட்டிக்கொண்டாள். அவள் கேட்டதைக் கொண்டுவந்தாயிற்று. சிஜோ பெருமூச்சு விட்டான்.

இரண்டு நாள் கழித்து, குறி எப்படித் தானாக நகர்ந்தது என்று கேட்க வாட்சைத் தூக்கிக்கொண்டு பாறசாலைக்குப் போனான். விபின் அதைக் கம்ப்யூட்டரில் சொருகினான். பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் வாயிலிருந்த கிண்டலெல்லாம் எங்கோ போய்விட்டது.

"சிஜோ... இது மீனுக்க குறி இல்ல."

"பின்ன?"

"இந்த ஓரத்துப் பட்டன அமுக்கிப் பிடிச்சா ஒரு குறி விழும். கடல்ல ஆள் விழுந்தா, விழுந்த இடத்த தெரிஞ்சு வைக்கதுக்கு உள்ளது. திரும்பி வந்து தேடணும்லா. ஏழும் அந்தக் குறியாக்கும். ஏழு ஆளு."

விபின் திரையில் விரலை வைத்து மறுபடியும் எண்ணினான்.

"ஏழில்ல," என்றான் விபின். "இப்ப எட்டு உண்டு. முந்தாநாள். பத்து நாற்பத்திரண்டு. நீ அமுக்கினியா?"

"இல்ல."

"வள்ளத்தில யாரெல்லாம் இருந்தது?"

"நானும் தம்பியும்."

"ரெண்டு பேரும் திரும்பி வந்தியளா?"

சிஜோ ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தான். கரையில் சொட்டிக்கொண்டே இருந்த அபினின் சட்டை ஞாபகம் வந்தது.

விபின் வாட்சின் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். தோலில் படுகிற இடத்தில் பச்சை வெளிச்சம் மினுங்கியது. "இதில நாடி பாக்கலாம். கையில கட்டினா நெஞ்சு அடிக்கதக் காட்டும்." குரலைத் தாழ்த்தினான். "தம்பிக்க கையில ஒருக்கக் கட்டிப் பாரு."

வீட்டுக்கு வந்தபோது சாயந்தரம். ரீத்தா வாசலில் அக்கம்பக்கத்தாரிடம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளை இப்போதுதான் நேரானானாம். கூப்பிடாமலே எழும்புகிறானாம். சொன்ன வேலையைச் செய்கிறானாம். கல்ஃபு பேச்சே இல்லையாம். மாதாவே கண் திறந்தாளாம்.

சிஜோ உள்ளே போனான். வாட்ச் சட்டைப் பைக்குள் இருந்தது. விபின் சொன்னதை அவன் வழியில் ஓர் உயிரிடமும் சொல்லவில்லை.

அபின் தரையில் உட்கார்ந்து தூண்டில் கட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். சிரித்தான். பிறகு சட்டைக் கையை மடக்கிவிட்டு, மணிக்கட்டை மேலே திருப்பி, அண்ணன் முன்னால் நீட்டினான்.

"கட்டிப் பாக்கணுமா, அண்ணா? கட்டு."

இருபத்திரண்டு வருஷத்தில் அவன் ஒருநாளும் அண்ணா என்று கூப்பிட்டதில்லை.

சிஜோ கட்டவில்லை. இன்றுவரை கட்டவில்லை. இரண்டு பேரும் இப்போதும் ஒரே வள்ளத்தில்தான் போகிறார்கள்.